படையல் அறையில் விட்டு வந்த போன்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டின் பின்பக்கம்தான் என் சமையற்கூடம். நான் கல்யாணத்துக்குச் சமைப்பதில்லை, பிறந்தநாளுக்கும் இல்லை. எட்டாம் நாள், பதினாறாம் நாள், வருஷத் திவசம், அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் கை பட்ட படையலில் யாரும் குறை சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமை இல்லாமலும் சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. துக்க வீட்டில் நம் நம்பரைக் கொடுக்கக் கூடாது. புறப்படும்போது "போய்ட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. மறுபடி கூப்பிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த சாவுக்கா? பாத்திரங்களை லோரியில் ஏற்றிவிட்டுப் பேசாமல் படியிறங்கிவிட வேண்டியதுதான். காரியம் செய்து வைக்கிற பண்டாரம் நாலு வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லுவார், பூக்கடையில் சொல்லுவார்கள். என் பேர் தானாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

பண்டாரம் செத்துப் போனார். அவருக்கும் நான்தான் சமைத்தேன். பூக்கடைக்காரர்கள் கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இப்போது துக்க வீட்டில் எல்லாரும் முதலில் தடவுவது போனைத்தான். போனில் சுபாங் ஜெயாக்காரன் வருகிறான், சுங்கை பூலோக்காரன் வருகிறான். பந்தல், நாற்காலி, சாப்பாடு, எல்லாம் ஒரே பேக்கேஜ். நான் மட்டும் வருவதில்லை. வாரம் தவறாமல் எரிந்த அடுப்பு மாதக் கணக்கில் அணைந்து கிடந்தது.

என்னோடு சமைக்கிற பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி குண்டு, ஒருத்தி ஒல்லி. இருவருக்கும் வாய் மட்டும் ஒரே அளவு. கையுறை ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்கள் என் காதில் விழும்படி பேச ஆரம்பித்திருந்தார்கள். தீபாவளி வரைக்கும் பார்ப்பார்கள், அதற்கு மேல் போய்விடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அவர்கள் போனால் அண்டாவை நான் ஒருத்தியாக இறக்க முடியாது. அடுப்பை மூடிவிட்டு ஸ்ரீ கெம்பாங்கானில் மகள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். மகள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். மூன்று தடவையும் நான் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியில் மகள்தான் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள், ஃபேஸ்புக்கில். "அம்மா, ஜனங்க இருக்கற எடத்துக்கு நாமதான் போகணும். வாரத்துக்கு மூணு படம் போடணும். யாராவது கேட்டா ஒடனே பதில் சொல்லணும். முக்கியமா உங்க மொகம் தெரியணும்" என்றாள். ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள், எதையும் வரிசையாகத்தான் சொல்லுவாள்.

"சாவு வீட்டுச் சமையலுக்கு வெளம்பரமா? என்னன்னு எழுதுவ?"

ஒல்லி முந்திக்கொண்டாள். "'முந்துங்கள், இன்றே வாருங்கள்'னு போடுலா அக்கா. ரெண்டு சாப்பாட்டுக்கு ஒண்ணு ஃபிரீ."

"வாய்ல அடி" என்றேன். சிரித்துவிட்டேன் என்பதும் உண்மை.

என்னைத் தலை சீவி, புடவை மாற்றி, "வணக்கம் மக்களே" என்று சொல்ல வைத்தாள் மகள். ஏழெட்டுத் தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் முகம் போலீசில் வாக்குமூலம் கொடுப்பவள் முகமாகவே வந்தது. வடை படம் ஒன்று போட்டாள். யாரோ அதன் கீழே "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதினார்கள். மற்றபடி லைக் போட்டவர்கள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள்தான். துக்கச் சாப்பாட்டுக்கு லைக் போட ஜனங்களுக்குப் பயம். போட்டால் சாவு தன் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்று.

இரண்டு மாதம் இப்படிப் போனது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குக் கண் வலிக்கும். கேட்கிறவர்களுக்குத் தட்டிப் பதில் எழுத வராது. குரலில் பேசி அனுப்புவேன். அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அண்டா இறக்குவதைவிட அலுப்பாக இருந்தது.

அப்போதுதான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பதினாறாம் நாள் படையல். அவருடைய மனைவியிடம் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டேன்: அவருக்கு என்ன பிடிக்கும்? நண்டு, கறுப்பு பீர், ரொட்டி சானாய், வாழைக்காய் வறுவல் என்றார் அந்த அம்மா. "நண்டு கடைசி ரெண்டு வருஷமா சாப்டலங்க. பல்லு இல்ல, ஓட்ட ஒடைக்க முடியல" என்றார்.

அந்த வீட்டு மூத்த பெண் ஆஸ்திரேலியாவில். பிள்ளை பெற்ற உடம்பு, வர முடியவில்லை. படையலைப் போனில் பார்க்கணும் என்று அழுதாளாம். வீட்டு மகன் என் மகளிடம் கேட்டான். அவளும், "எங்க ஃபேஸ்புக் பக்கத்துலயே லைவ் போடறேன் தம்பி, அக்கா அங்கேருந்து பாக்கட்டும்" என்றாள். பக்கத்தில் போட்டால் ஊரே பார்க்கும் என்று அந்தப் பையனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியாது. தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான். அவள் மனசில் அந்தத் தீபாவளிக் கெடு இருந்தது. அவளையும் குறை சொல்ல மாட்டேன். என் அடுப்புக்காகத்தான் செய்தாள்.

நான் படையல் வைக்கும்போது அறையில் யாரும் இருக்கக் கூடாது. அது என் வழக்கம். நான் பேசிக்கொண்டே வைப்பேன், அதனால். செத்தவரோடுதான் பேசுவேன். முன்பின் பார்க்காத ஆளுக்குச் சோறு போடும்போது பேசாமல் போட எனக்கு வராது. இது என் மகளுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்கு அலமாரி ஓரத்தில் ஒரு ஸ்டாண்டு வைத்துப் போனை அதில் நிறுத்திவிட்டு அவள் வெளியே போனாள். இலையை விரித்தபோது எனக்குப் போன் ஞாபகம் இருந்தது. நண்டை எடுத்தபோது இல்லை.

வைத்து முடித்தேன். மகன் வந்து விளக்கேற்றிச் சூடம் காட்டினான். விழுந்து கும்பிட்டார்கள், அழுதார்கள். பிறகு வழக்கம்போல எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை கதவைத் திறக்கக் கூடாது, உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. நடைபாதையில் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏய், இங்க பாரு. உள்ள தெரியுது!"

சொந்தக்காரப் பெண் ஒருத்தி போனைத் தூக்கிக் காட்டினாள். அதில் சாத்திய அறை. இலை, விளக்கு, பீர் டம்ளர், அவர் படம். என் மகள் பாய்ந்து வந்தாள். கதவுப் பிடியில் கை வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தெறக்காத."

"அம்மா, ஆஃப் பண்ணணும். நெறைய பேரு பாத்துட்டு இருக்காங்க."

"அவரு சாப்ட்டு முடிக்கட்டும்."

செத்தவரின் தம்பி முன்னால் வந்தார். "செத்தவன வச்சு வியாபாரம் பண்றீங்களா? வெக்கமா இல்ல? எங்கண்ணன் சாப்படறத ஊரே வேடிக்க பாக்கணுமா?" நடைபாதை முழுக்க எதிரொலித்தது. அடுத்த வீட்டுச் சீனக் கிழவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் ஒருவர் என்னைப் பார்த்து வெட்கமில்லையா என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மா மட்டும் கை நீட்டினார். "குடு, பாப்போம்." போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விளக்குச் சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"ஃபேன ஆஃப் பண்ணலயா?" என்றார். "சாப்படறப்ப அவருக்குக் காத்து ஆகாதே."

தம்பி பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

கதவைத் திறந்ததும் மகள் எல்லாவற்றையும் நிறுத்தி, பக்கத்திலிருந்தும் அழித்துவிட்டாள். பாத்திரங்களை லோரியில் ஏற்றினோம். அடுப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மகள் வீட்டுச் சோபாவின் நிறம் என்ன என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

அழிப்பதற்குள் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். மறுநாள் அது எங்கெங்கோ சுற்றியது. அவர்கள் எடுத்திருந்தது மூடிய அறையை அல்ல, அதற்கு முந்தியதை. நான் குனிந்து உட்கார்ந்து, "ஐயா, நண்டு ஓட்டோட இருக்குன்னு பயப்படாதீங்க, எல்லாம் ஒடச்சே வச்சிருக்கேன். சும்மா வாயில போட்டுக்கலாம். பீரு அப்பறம், மொதல்ல சோறு" என்று சொல்வதை. மகள் எனக்குப் போட்டுக் காட்டினாள். என் முதுகுதான் தெரிந்தது. ரவிக்கையில் ஒரு ஒட்டு. முகம் தெரியணும் என்று சொன்னவள் அதை மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

போன் அடிக்க ஆரம்பித்தது. "நண்டு ஒடச்சு வச்ச ஆன்டி நீங்கதானே?" ஷா ஆலாமிலிருந்து, கேப்போங்கிலிருந்து. எல்லாருக்கும் குரலில் பதில் சொன்னேன். சில பேர் கதவு மூடிய பிறகும் லைவ் வேண்டும் என்றார்கள். முடியாது என்றேன். "ஏன் ஆன்டி, அவங்களுக்குப் பண்ணீங்களே?" என்றார்கள். அது தவறிப் போய் நடந்தது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. அந்த வேலைகள் போயின. மற்ற வேலைகள் கிடைத்தன. ஒல்லியும் குண்டும் ஃபேக்டரிப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

ஒரு தூக்குப் பாத்திரத்தில் பாயசம் எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன், மன்னிப்புக் கேட்க. அந்த அம்மா பாயசத்தை வாங்கி வைத்துவிட்டு, "அது ஒங்க மககிட்ட முழுசா இருக்கா?" என்று கேட்டார். "நண்டு வைக்கறது எல்லார்கிட்டயும் இருக்கு. எனக்குக் கதவு சாத்துன பெறகு வேணும். ரூம் சும்மா இருக்கறதுதான்." பக்கத்தில் அழித்திருந்தாலும் மகள் போனில் அது இருந்தது. அனுப்பி வைத்தாள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மூங்கில் தட்டை வாசலில் வைத்து எல்லார் போனையும் அதில் வாங்கிக்கொள்கிறேன். என்னுடையது முதலில். அதையும் யாரோ படம் எடுத்துப் போட்டு, அதற்கும் நாலு பேர் கூப்பிட்டார்கள். என்ன செய்தாலும் விளம்பரமாகிவிடுகிறது. எனக்கு அலுத்துவிட்டது.

போன வாரம் பூச்சோங்கில் ஒரு வீடு. வயசான அம்மா ஒருவர் போய்விட்டார். அவருக்குப் பிடித்தது கெண்டை மீன் குழம்பு. முள்ளெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அறைக்குள் நுழையும்போது மருமகள் என் கையைப் பிடித்தாள்.

"ஆன்டி, மாமிகிட்ட பேசுவீங்கதானே? அதுக்காகத்தான் ஒங்கள கூப்டோம்."

தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இலையை விரித்தேன். சோறு வைத்தேன், மீனை வைத்தேன். முள் எடுத்தாச்சும்மா என்று சொல்ல வாய் திறந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. காதை வைத்துக் கேட்கிறார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல் பரிமாறி முடித்தேன். அந்த அம்மா படத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரை இலைக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

வெளியே வந்ததும், "பேசினீங்களா ஆன்டி? ஒண்ணும் கேக்கலயே" என்றாள் மருமகள்.

"மெதுவாப் பேசினேன்" என்றேன்.

பாத்திரங்களை ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினேன். லோரியில் உட்கார்ந்ததும் குண்டு கேட்டாள், "நாளைக்கு எந்த வீடு அக்கா?"

செந்தூல் என்றேன். மடியில் போன் அடித்தது. புது நம்பர். கொஞ்ச நேரம் அடிக்க விட்டுவிட்டு எடுத்தேன்.