ஆணி பிடுங்கிய நாலு மரப்பெட்டிகள்

கலைமணிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும். அப்பன் போட்ட பஞ்சர் கடையில் பத்து வயதிலிருந்து டியூபைத் தண்ணித் தொட்டியில் முக்கி ஓட்டை தேடியவள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த பிறகும் லாரி டயர் கழட்டின கை அது. அவளிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாத டிரைவர் அந்த ரோட்டில் கிடையாது. இப்போது கடை தம்பி தமிழரசு கையில். நாற்பத்தொரு வயதில் இவள் பார்க்கிற வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் இன்னமும் நம்புவதில்லை.

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் அவள் தொழில்நுட்ப உதவியாளர். ஜெனிவாவுக்குப் பக்கத்தில், பூமிக்கடியில் இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றுக்குக் குழாய் போட்டு, புரோட்டான்களை எதிரெதிரே விரட்டி மோதவிடுகிறார்களே, அந்த இடத்துக்குப் பன்னிரண்டு சேம்பர்கள் இங்கிருந்து போக வேண்டும். மோதலில் பிறக்கிற மியூவான் என்ற துகள் இரும்பையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதைப் பிடிப்பதுதான் சேம்பரின் வேலை. கதவளவில் இரண்டு தகடு, நடுவே இரண்டே மில்லிமீட்டர் சந்து, சந்து முழுக்க வாயு. மியூவான் கடந்து போனால் அந்த வாயுவில் மின்சாரம் ஒரு துடிப்புத் துடிக்கும். வாயு கசிந்தால் சேம்பர் குருடு. ஒருதரம் உள்ளே மாட்டிவிட்டால் வருசக்கணக்கில் கழட்டவும் முடியாது.

கசிவு பார்த்துக் கையெழுத்துப் போடுவது கலைமணி. மூன்று வருசமாகத் தற்காலிக வேலை. பன்னிரண்டும் கப்பலேறினால் வேலை நிரந்தரம். அந்த உத்தரவு டைப் அடித்து கல்லூரி முதல்வர் மேசையில் கிடந்ததை அவளே கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, பெட்டிக்கொரு சேம்பராக வைத்து, கடைசி மரப்பெட்டிக்கும் ஆணியடித்தாயிற்று. லாரி மறுநாள் மதியம் வரும். அரை நாள் லீவு போட்டுத் தம்பி கடைக்குப் போய் உட்கார்ந்தாள். கேரளாவில் முட்டை இறக்கிவிட்டுத் திரும்பின லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கினதும் இறங்காததுமாக, "தம்பி, காத்துப் பாரு. ஜாஸ்தியா இருந்தாக் கொஞ்சம் எறக்கீரு" என்றார்.

கலைமணிக்குப் பொறுக்குமா?

"ஏனுங்க, ஓடி வந்த சூட்டுல காத்துப் பாத்தா மீட்டர் நெசமாச் சொல்லும்? சூட்டுக்கு ஏறி நிக்குது. அதை நம்பி எறக்கிப்போட்டு, ஆறுனதுக்கப்புறம் சப்பை டயரை வெச்சுட்டு அழுவீங்களா? போயி டீ குடிச்சுட்டு வாங்க."

"அக்கா வாய்க்கு லாரியே பஞ்சராயிரும்" என்று சிரித்துக்கொண்டே அவர் டீக்கடைக்கு நடந்தார்.

தமிழரசும் சிரித்தான். கலைமணி சிரிக்கவில்லை. சொன்ன சொல்லு திரும்பி வந்து அவள் முகத்திலேயே அறைந்தது.

போன செவ்வாய்க்கிழமை மாதாந்திர மின்தடை. காலை பத்து மணிக்கு ஏ.சி. நின்றது. கடைசி நாலு சேம்பர் பாக்கி. கசிவு பார்க்கிறது யு வடிவக் கண்ணாடிக் குழாயில் நிற்கிற தண்ணியை வைத்து. அதற்குக் கரண்டா வேண்டும்? வாயு அடைத்து, வால்வைப் பூட்டி, அரை மணி நேரம் பார்த்தாள். தண்ணி மட்டம் இறங்கவில்லை. நாலுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மே மாத வெயிலில் அறை சூடேறிக்கொண்டே இருந்ததை யோசிக்கவில்லை. சூட்டுக்கு வாயுவின் அழுத்தம் ஏறும். ஒருபக்கம் கசிந்துகொண்டே இருந்தாலும் தண்ணி இறங்காது. டயருக்குத் தெரிந்த நியாயம் சேம்பருக்குத் தெரியாமல் போச்சே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் நாமக்கல் பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

திட்டத்துக்குத் தலைவர் பேராசிரியர் ஜெயபிரகாஷ். நல்ல மனுசர், ஆனால் அன்றைக்கு மூன்று ராத்திரி தூங்காத முகம்.

"சார், நாலு பெட்டிக்கு ஆணி பிடுங்கோணுமுங்க."

"வெளையாடாதம்மா. நாளைக்கு லாரி."

நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழட்டி மேசையில் வைத்தார்.

"மத்த எட்டும் நல்லா நின்னுச்சே. இதுவும் நிக்கும். அங்க போனா அவங்களும் ஒருக்காப் பாப்பாங்க."

"அவங்களும் என்னாட்டம் பாத்துட்டாங்கன்னா? அத்தனை தூரம் போயி குருடா மாட்டறதுக்கா நாம செஞ்சோம்?"

"உன்ற உத்தரவு என்னாகும்னு யோசிச்சியா?"

"பஸ்ஸுல வந்தது முச்சூடும் அதைத்தானுங்க யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் வந்து நிக்கறேன்."

ஜெயபிரகாஷ் எழுந்து போய்க் கடப்பாரையை அவரே எடுத்துவந்தார்.

மறுநாள் வெள்ளி, விடியக்காலம் நாலரை மணிக்கு ஆரம்பித்தார்கள். ஏ.சி. ராவெல்லாம் ஓடி அறைச் சூடு ஒரே நிதானத்தில் இருந்தது. சேம்பருக்கு ஒரு தெர்மாமீட்டர் ஒட்டினாள். ஒன்பதாவது சேம்பரில் தண்ணி மட்டம் அப்படியே நின்றது. பத்தாவதிலும் நின்றது. பதினொன்றாவதிலும் நின்றது. "பாத்தியா, வீண் பயம்" என்றார் ஜெயபிரகாஷ்.

பன்னிரண்டாவதில் பத்து நிமிசத்துக்கெல்லாம் தண்ணி மட்டம் இறங்க ஆரம்பித்தது. கலைமணி சோப்புத் தண்ணி கரைத்து வாயுக்குழாய் சேருகிற மூட்டில் தடவினாள். கடுகளவு குமிழி ஒன்று எழும்பியது, உடைந்தது, மறுபடியும் எழும்பியது. அவளுக்கு அழுகையாக வந்தது. கண்டுபிடித்துவிட்டோமே என்ற நிம்மதியும் கூடவே வந்தது, மறைப்பானேன்.

பசை போட்டுக் காயவைக்க நேரமில்லை. மதியம் லாரியில் பதினொன்றுதான் ஏறியது.

"கடைசிச் சோதனையில ஒண்ணு கசிஞ்சுதுன்னு அங்க எழுதீரலாம். உன்ற பேரு எதுக்கு?" என்றார் ஜெயபிரகாஷ்.

"வேண்டாமுங்க சார். ஏ.சி. நின்ன அறையில பாத்தேன், தப்பு என்னுதுன்னே எழுதுங்க. அப்பத்தான் இதே வேலை செய்யற மத்தவங்களும் தெர்மாமீட்டரைப் பாப்பாங்க."

அப்படியே எழுதினார்கள். முதல்வர், "பன்னிரண்டும் போகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று உத்தரவை டிராயருக்குள் தள்ளிவிட்டார். ஊட்டுக்கு வந்து இரண்டு நாள் கலைமணி யாரோடும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் தமிழரசு பயந்துபோனான். மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டாள்.

கசிந்த மூட்டைப் பிரித்து, புதுக் குழாய் மாட்டி, பசை காய்ந்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. சோதனைத் தாளில் அறைச் சூட்டுக்கென்று தனிக் கட்டம் போட்டிருந்தாள். விடியக்காலம் ஐந்தே கால் மணிக்கு அரை மணி நேரம் வைத்துப் பார்த்தாள். தண்ணி மட்டம் நகரவில்லை. லாரி மறுநாள் மதியத்துக்குச் சொல்லியாயிற்று.

சாயங்காலம் ஜெயபிரகாஷ் சுத்தியலோடு வந்தார். "நின்னுச்சல்ல? அடிச்சு மூடீரலாமா? முதல்வரு ரெண்டு தடவை கேட்டுட்டாரு. உன்ற உத்தரவு இந்தப் பெட்டிக்குள்ளதான் கெடக்குது."

"கெடக்கட்டுங்க சார்" என்றாள் கலைமணி. "நாளைக்கு வெடியால இன்னொருக்காப் பாத்துப்போட்டு ஆணியை நானே அடிக்கறேன்."

அவர் சுத்தியலை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.