பக்கத்துல ஒருத்தி நீந்தணும்

கிணற்றின் உள்சுவரில் உள்ளங்கையால் பளாரென்று ஓர் அறை. அதைக் கேட்ட பிறகுதான் மேலே நிற்பவர்கள் கயிற்றை இழுக்கலாம். அவசரப்பட்டு முன்னதாகவே இழுத்துவிட்டால், வெளியே வந்ததும் சுபாஸ்ரீ துடைத்துக்கொள்வதற்கு முன்பே திட்டத் தொடங்கிவிடுவார். "நான் தட்டுனனா? தட்டலைல்ல? தட்டாம வேலை முடியாதுன்னு எத்தன தடவ சொல்றது? உள்ள கெடக்கறது நானா, நீங்களா?" தோப்புக்காரராக இருந்தாலும் இதே மரியாதைதான்.

தேவாரம், உத்தமபாளையம் பக்கத்துக் கிணறுகளில் கழன்று விழுந்த மோட்டார்களையும், குழாயின் அடியோடு சேற்றில் சிக்கிய புட்வால்வுகளையும் முங்கி எடுப்பது அவர் தொழில். நாற்பதை நெருங்கும் வயது. இறங்கும் முன் மூக்குத்தியைக் கழற்றி ஒரு பழைய தைல டப்பாவில் போட்டு, தோப்பில் வேலை செய்யும் பெண்கள் யாரிடமாவது கொடுப்பார். ஆண்களிடம் கொடுக்க மாட்டார். அவர் திருநங்கை என்பது ஊரறிந்தது. "உனக்கென்ன, ஆம்பளப் பலம், சும்மா இறங்கு" என்று ஒருவர் சொல்லப்போக, "கெணறு ஆளப் பாத்தாய்யா ஆழத்தக் கொறைக்குது?" என்று கேட்டு, அன்று இறங்காமலே போய்விட்டார்.

எளிதில் பிடித்துப்போகிற மனுஷி அல்ல. வாய் நீளம். நன்றி சொல்லத் தெரியாது. வருகிறேன் என்ற நேரத்துக்கு வரமாட்டார். தண்ணீரில் அவர் கை போவதைப் பார்க்கும்போது இதெல்லாம் கொஞ்சம் மறந்துபோகும்; வெளியே வந்ததும் அவரே நினைவூட்டிவிடுவார்.

போன ஆண்டு தேனியில் ஒரு நீச்சல் கழகம் நடத்திய போட்டியில், முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் நீந்தினார். விதிகளில் அவரைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் யாரும் தடுக்கவில்லை. ஜான்சியை ஒரு கை நீளத்தில் முந்தினார். ஜான்சி கம்பத்தில் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே திருடி எடுத்த நேரத்தில் பல வருடங்களாகப் பயிற்சி செய்கிறவர். தோற்றவர் முதுகுக்குப் பின்னால் எதுவும் பேசவில்லை. நேரே வந்து கேட்டார்.

"அக்கா, உங்க மேல கோவமில்ல. உங்க தோளப் பாருங்க, என் தோளப் பாருங்க. நான் எங்கிட்டுப் போயிப் பிடிக்க?"

சுபாஸ்ரீ தன் தோளைத் தானே தடவிப் பார்த்தார்.

"இந்தத் தோளு கெணறு குடுத்ததா, பொறப்பு குடுத்ததா, எனக்கே தெரியலடி. ஹார்மோன் மாத்திரை தின்னு பாதிப் பலம் போச்சு. மிச்சம் எம்புட்டுன்னு அளக்கட்டும். அளந்துபுட்டுக் கூடுதல்னு சொன்னா ஒதுங்கிக்கிறேன். அளக்காமலே எப்படிடி ஒதுக்குவாக?"

இந்த ஆண்டுப் போட்டிக்கு முன் இருவருமே பேசி ஒரு வழி கண்டார்கள். ஒரே விசிலுக்கு, பக்கத்துப் பக்கத்தில் நீந்துவது. சுபாஸ்ரீயின் நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்வது. கோப்பை மற்றப் பெண்களில் முதலில் வருபவருக்கு. "கோப்பைய வச்சு நான் கஞ்சியா காச்சப் போறேன்? பக்கத்துல ஒருத்தி நீந்தணும். அம்புட்டுத்தான்."

மருத்துவச் சான்றுகளை ஓர் உறையில் போட்டுக்கொண்டு கழகச் செயலாளரைப் பார்க்கப் போனார்கள். செயலாளர் ஞானசிகாமணி போடியில் ஏலக்காய் வியாபாரி. அந்த உறையை அவர் பிரிக்கக்கூட இல்லை. காப்பி வரவழைத்தார்.

"எதுக்கும்மா இந்த வம்பு? உனக்குன்னு தனிப் பிரிவே வச்சிருவோம். தனிக் கோப்பை, பொன்னாடை. யாருக்கும் மனக்குறை இருக்கக் கூடாது பாரு."

"என் பிரிவுல வேற யாரு அண்ணாச்சி?"

"நீதான்மா. நீ மட்டும்தான்."

நியாயம் என்பது ஆட்களுக்கு இடையில் மட்டுமே இருக்க முடிந்த ஒன்று. ஒருத்தியைத் தனியே நிறுத்திய இடத்தில் நியாயமும் கிடையாது, அநியாயமும் கிடையாது; வெறும் இடம்தான் உண்டு. ஜான்சி கேட்டது கடினமான கேள்வி. ஆனால் அந்த இரண்டு பெண்களும் தோளைக் காட்டி, முகத்தைப் பார்த்து அதைக் கேட்டுக்கொண்டார்கள். அதை ஞானசிகாமணி போன்றவர்கள் ஒரு டம்ளர் காப்பியில் கரைத்துக் குடித்துவிட்டு, பெருந்தன்மை என்று பெயர் வைக்கிறார்கள். அடித்து விரட்டுகிறவனோடு சண்டை போடலாம். பொன்னாடை போர்த்தி வெளியே தள்ளுகிறவனை எந்தக் கையால் தடுப்பது?

போட்டியன்று ஒலிபெருக்கி 'சிறப்புப் பிரிவு' என்று அறிவித்தது. நீச்சல் குளம் முழுக்கக் காலி. நடுத்தடத்தின் தொடக்கத்தில் சுபாஸ்ரீ மட்டும் நின்றார். படிக்கட்டில் இருந்து ஓர் இளவட்டம் கத்தினான்: "அக்கா, ஒத்தையா நீந்துனா எங்க வீட்டு எருமகூட பஸ்ட்டுத்தான்க்கா!" கூட்டம் சிரித்தது.

சுபாஸ்ரீ திரும்பினார். "ஏலே, அந்த எருமையக் கூட்டியாலே. பக்கத்துல நீந்த ஒரு சீவனாச்சும் கெடச்சுச்சேன்னு கும்புடுறேன்." அதற்கு யாரும் சிரிக்கவில்லை. கரையில் நின்ற ஜான்சி தலை குனிந்துகொண்டார்.

குளத்தின் மறுமுனையில் ஞானசிகாமணி பொன்னாடையைப் பிரித்து ஏந்தி நின்றார்; பக்கத்தில் போட்டோக்காரர். நேரம் பார்க்கும் ஈஸ்வரபாண்டி கடிகாரத்தோடு சுவரோரம் குனிந்தார். கை சுவரில் பட்டால்தான் கடிகாரத்தை நிறுத்தலாம். அப்போதுதான் போட்டி முடியும், கோப்பையும் கொடுக்கலாம்.

விசில் ஒலித்தது. சுபாஸ்ரீ சோம்பி நீந்தவில்லை. போன ஆண்டு ஜான்சியை முந்திய அதே வேகம். இரண்டு பக்கமும் யாரோ நெருக்கிக்கொண்டு வருவது போன்ற வேகம். சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றார்.

"தொடும்மா" என்றார் ஞானசிகாமணி. "அவ்வளவுதான், தொட்டுரு."

சுபாஸ்ரீ அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். கிணற்றில் அறைவதற்கு ஓங்குவது போலவே உள்ளங்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். பிறகு அந்தக் கையையும் மற்றக் கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் மட்டும் தண்ணீரை மிதித்தபடி அப்படியே மிதந்தார். ஈஸ்வரபாண்டியின் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.