பத்து அட்டைகளும் ஏசம்மாளும்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற மில் ஒன்றில் ஏசம்மாள் பதினோரு வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிறாள். நான் அங்கே பேக்கிங்கில் இருக்கிறேன். எங்களில் யாராவது வராத நாளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். லேபிளை வாசித்து, அளவு பார்த்து, சரியான பெட்டியில் போடுவாள். அவள் கட்டிய ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. முப்பது வயதுக்கு மேல், ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் போதகர் வேதம் வாசிக்க வாசிக்க, மனப்பாடமாகத் தெரிந்த வசனங்களின்மேல் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டாள். இப்போது காலை பஸ்ஸில் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் இறங்குவாள்.

இந்த வருஷம் பேக்கிங்கில் நிரந்தரமாக ஓர் இடம் வந்தது. அவளுக்குத்தான் என்று இருந்தோம். புதிதாக வந்த மேனேஜர் வாசிப்புப் பரீட்சை என்று பத்து அட்டைகளோடு வந்து உட்கார்ந்தார். அட்டைக்கு ஒரு சொல். காட்டிய வேகத்தில் மறைத்துவிடுவார். முதலையாம், கப்பலாம், மகுடமாம். பேண்டேஜ் மில்லில் முதலைக்கு என்ன வேலை? அவள் எழுத்துக் கூட்டுவதற்குள் அட்டை போய்விட்டது. மூன்றுதான் சொன்னாள்.

"முன்னாடி பின்னாடி ஒண்ணுமில்லாம ஒத்தை வார்த்தைய நீட்டுனா எப்பிடி சார் வாசிக்க?" என்று கேட்டாள். சாக்குச் சொல்லக்கூடாது என்றுவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மட்டும் எப்படி வாசிக்கிறாராம்? பேப்பரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் யாராவது நின்று முழிக்கிறோமா? அழிந்துபோன பஸ் போர்டில் பாதி ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு ஏறுவதில்லையா? முன்னால் வந்ததையும் அடுத்து வரப்போவதையும் வைத்து மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறோம். அவள் அதை மட்டுமே நம்பிப் படித்தவள், அவ்வளவுதான். இதையெல்லாம் அவரிடம் போய்ச் சொன்னேன். என் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் மில் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்: வாசிக்கத் தெரியாததால் ஏசம்மாள் பேக்கிங் பிரிவுக்குத் தகுதி பெறவில்லை. பதினோரு வருஷம் உழைத்தவளை ஊர் பார்க்க இப்படி எழுதி வைக்க எப்படி மனசு வந்ததோ. அவள் துடைப்பத்தோடு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

வியாழக்கிழமை பேக்கிங்கில் இரண்டு பேர் வரவில்லை. வாசலில் லாரி காத்திருந்தது. மேனேஜரே இறங்கி வந்து, லேபிள் பார்த்துப் பெட்டி கட்டித் தரும்படி அவளைக் கூப்பிட்டார்.

ஏசம்மாள் பெருக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு போர்டுல வாசிச்சேன், சார்."