மலை ஊரின் ஒரே வாசகி

போளூர் நூலகத்துக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நூலகத்துக்குப் பின்தெருவில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினேன். சனிக்கிழமைகளில் புத்தக வண்டியோடு ஜவ்வாது மலைக்குப் போகும் வேலையை மற்றவர்கள் தட்டிக்கழித்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வண்டி கடைசியாக நிற்கும் ஊரில் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். ஜனங்கள் கூலி வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் வாராவாரம் வருவார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். பழைய புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பார். சாமை விளைச்சல், முழங்கால் வலி என்று பேசுவார். டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை நானும் பேசிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவர் திருப்பித் தந்த நாவலைப் புரட்டினேன். அச்சகத்தில் சரியாக வெட்டாமல் விட்டிருந்த தாள்கள் ஒட்டியபடியே இருந்தன.

“இதைப் படிக்கலீங்களா?” என்றேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க மேடம்.”

“அப்போ எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?”

“யாரும் எடுக்கலன்னா வண்டி வராதாமே, டிரைவரு சொன்னாரு. புள்ளைங்க ரெண்டு பேரும் கேரளாவுல இருக்குதுங்க. வூட்ல பேச ஆளு இல்ல. அதான்.”

எனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். ஸ்கேலால் அந்தத் தாள்களைப் பிரித்து, வண்டிப் படியில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். கதையில் வந்த மாமியாரைப் பற்றிக் கேட்டதும், “இவ இன்னா இப்படி இருக்கா” என்று சிரித்தார்.

ஏழு வாரம் அப்படிப் போயிற்று. எட்டாவது வாரம் அவர் வரவில்லை. மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “நல்லதுதானே” என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் போகவில்லை. ஆனாலும் அந்த ஊரை விட மனம் வராமல், அந்த அம்மா எடுத்ததாகப் பதிவேட்டில் நானே வாராவாரம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து மேலதிகாரி பதிவேட்டைக் காட்டிக் கேட்டபோது ஒப்புக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. “எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஊர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது வண்டி அதற்கு முந்தின ஊரோடு திரும்பிவிடுகிறது. மதியத்துக்கெல்லாம் போளூர் வந்துவிடுகிறேன். மீதிப் பொழுதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.