ஆம்புலன்ஸ்காரியின் மரியாதை

ஆம்புலன்ஸில் போய் முதல் சிகிச்சை கொடுக்கும் வேலைக்குப் படித்தேன். எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் மனப்பாடம். அதட்டத்தான் வரவில்லை.

செய்முறைத் தேர்வில் ஒரு ரப்பர் பொம்மை தரையில் கிடக்கும். நினைவிழந்த நோயாளி என்று வைத்துக்கொள்ள வேண்டும். தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். நான் குனிந்து, "ஏனுங்க, கேக்குதுங்களா? தொட்டுப் பாக்கலாமுங்களா?" என்றேன். மதுரையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ அனுமதி வாங்குறதுக்குள்ள அது செத்துப்போச்சும்மா!"

இதைக் கேட்டுச் சிரித்த, கூடப் படித்த எங்கள் ஊர்க்காரர்களும் யோக்கியமில்லை. எனக்கு அடுத்து வந்தவர், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்கச் சொன்னபோது, வெறும் சுவரைப் பார்த்துக் கைகூப்பினார். மூன்றாவது முயற்சியில் நான் தேறினேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் எங்கள் ஊர் கருமத்தம்பட்டி முழுக்க மகள் டாக்டராகிவிட்டதாக அப்பா சொல்லி வைத்தார். மறுக்க எனக்கும் மனம் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கிணத்துக்கடவு பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். நாங்கள் போனபோது மல்லாந்து கிடந்தார். நல்ல நினைவோடு பேசினார். கால் விரல்களை அசைக்கச் சொன்னேன். இரண்டு காலிலும் அசைந்தன. முதுகெலும்பு முறிந்திருக்கலாம், பலகையில் வைத்துக் கட்டும்வரை யாரும் அவரை நகர்த்தக் கூடாது. பலகையை எடுக்க ஓட்டுநர் வண்டிக்கு ஓடினார்.

அதற்குள் வெள்ளை வேட்டியில் தோட்டத்துக்காரர் வந்தார். "மனுசன் மண்ணுல கெடக்கறதா? கட்டல்ல போடுங்கடா!"

"ஐயா, ஒரு நிமிசமுங்க... தப்பா நெனச்சுக்காதீங்க, அவர..."

"அட, நீ சித்த இரு கண்ணு."

இருந்தேன். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாதாமே! அவர் முடித்தபின் சொல்லலாம் என்று வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் கைக்கொருவர், காலுக்கொருவராகத் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். இடுப்பு தொட்டில் மாதிரித் தொங்கியது. அவர் ஒரே ஒருமுறை கத்தினார். மறுபடி விரல்களை அசைக்கச் சொன்னேன். "அசைக்கறேனுங்களே," என்றார். அசையவில்லை.

விழுந்ததில் போனதா, தூக்கியதில் போனதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எனக்குத் தெரியும். என் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தோட்டத்துக்காரர் எல்லாரிடமும் என்னைக் காட்டினார். "இந்தக் காலத்துலயும் எத்தன மரியாத பாருங்க! பெரியவங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லீங்க."

விழுந்தவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, அவரு எப்போ நடப்பாருங்க?"

"டாக்டரு சொல்லுவாருங்க," என்றேன், மரியாதையாக.