எலுமிச்சம்பழத்தில் ஏறாத வண்டி

எட்டு மணி என்றால் எட்டு மணி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். 2009-ஆம் ஆண்டு அது. சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டிப் பக்கம் போகிற வழியில், தோட்டத்துத் திராட்சையை வாங்கிப் பெட்டி போட்டு அனுப்புகிற கம்பெனி ஒன்றில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். வீடு சின்னமனூரில். பஸ் என்னைக் கொண்டுபோய் இறக்கும்போது ஒன்பதைத் தாண்டியிருக்கும். அதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. சீசன் சூடு பிடித்து, லோடு காலையிலேயே கிளம்பத் தொடங்கியதும்தான் மேனேஜர் கூப்பிட்டார்.

“ஒண்ணாந்தேதியில இருந்து எட்டுக்கு வர்றதுன்னா வாங்க. இல்லாட்டி நான் வேற ஆளு பாத்துக்கிடுறேன். கைப்பிள்ளைக்காரி, உங்களால முடியாதுன்னு எனக்கே தெரியுது.”

வேலை போய்விடும் என்பதைக்கூடத் தாங்கியிருப்பேன். என்னால் முடியாது என்று என்னைக் கேட்காமலே அவர் முடிவு செய்ததுதான் சுருக்கென்று தைத்தது. “எட்டுக்கு இருப்பேன் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வண்டி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பே ஸ்கூட்டி ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தேன். புது வண்டிக்கு எங்களுக்கு வசதி கிடையாது. என் வீட்டுக்காரர் உரக்கடையில் வேலை பார்த்தார். என் வளையலை அடகு வைத்தால் பழைய வண்டி ஒன்று வாங்கலாம் என்று கணக்குப் போட்டோம். தேனியில் பழைய வண்டி விற்கிற கன்சல்டிங் கடைகளில் ஏறி இறங்கினோம். அங்கே சொன்ன விலையைக் கேட்டதும் இவர் என் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்தார். நான் சேலையை இழுத்து மூடிக்கொண்டேன்.

என்னோடு வேலை பார்த்தவள்தான் இன்டர்நெட்டில் பழைய சாமான்களை ஆட்களே நேராக விற்கிறார்கள், நடுவில் புரோக்கர் கிடையாது என்று சொன்னாள். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்துவிடுவேன். அவள் சொன்ன இணையதளத்தில் தேனி என்ற ஊரே இல்லை. மதுரையைத் தொட்டு உள்ளே போய், யாராவது தேனி என்று எழுதியிருக்கிறார்களா என்று விளம்பரம் விளம்பரமாகத் தேட வேண்டும். படம் திறந்தால், கடைக்காரர் சேலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டுவது மாதிரி மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். முகப்பு விளக்கு தெரியும், அப்புறம் ஹேண்டில்பார், அப்புறம் சீட். சக்கரம் வருவதற்குள் கரண்டு போய்விடும்.

அப்படி இறங்கியதுதான் அந்த நீல நிற வண்டி. பளபளவென்று இருந்தது. போடிக்காரர் விற்கிறார், ஒரே ஆள் ஓட்டியது, விலையோ எங்கள் வளையலுக்குள் அடங்கியது. விளம்பரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் சில எச்சரிக்கைகள் போட்டிருந்தார்கள். பொருளை நேரில் பாருங்கள், பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள், பொது இடத்தில் சந்தியுங்கள். அவற்றை வாசித்துவிட்டுத்தான் போன் போட்டேன்.

“நாளைக்குக் கம்பத்துல இருந்து ஒருத்தக வாராக, தங்கச்சி. நீங்க கொஞ்சம் அட்வான்ஸ் அக்கவுண்டுல போட்டு விட்டீகன்னா, வண்டிய உங்களுக்குன்னு எடுத்து வச்சிர்றேன்” என்றார் அந்த ஆள். குரலில் தேன் வழிந்தது.

“வண்டியப் பாக்காம ஒத்த ரூவா போட மாட்டேன். கம்பத்துக்காரக வாங்கினா வாங்கிட்டுப் போகட்டும்.”

வைத்துவிட்டேன். கம்பத்துக்காரர் நிஜமாகவே வாங்கிப் போய்விட்டால்? மறுநாள் போடிக்காரரே கூப்பிட்டார். கம்பத்துக்காரர்கள் வரவில்லையாம். பார்க்கணும் என்றால் பார்த்துவிடலாம், சனிக்கிழமை காலையில் குச்சனூர்க் கோயிலுக்கு வருகிறேன், அங்கேயே வைத்து முடித்துக்கொள்ளலாம் என்றார்.

சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று ஆணி வாங்குவதைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுகிறவர் என் வீட்டுக்காரர். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அவரோ போனை வாங்கிப் பேசிவிட்டு முகம் மலர்ந்து திரும்பினார்.

“நல்ல மனுசராத் தெரியுறாக. மத்த இடத்துலதான் சனிக்கிழமை ஆகாதாம். சனீஸ்வரர் வாசல்லயே வச்சு வாங்கினா அவரே வண்டிக்குக் காவலாம். சாமி முன்னாடி வச்சுப் பொய் சொல்லுவாகளா புள்ள?”

சிரிப்பு வந்தாலும் எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பொது இடத்தில் சந்தியுங்கள் என்று கம்ப்யூட்டரும் சொல்லியிருந்ததே. சனிக்கிழமை குச்சனூரைவிட ஜனம் நடமாடுகிற இடம் எங்கள் பக்கத்தில் ஏது?

காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். எள் விளக்குப் புகையும் மாலை வாசனையுமாகக் கூட்டம் நெரிந்தது. அந்த ஆள் நெற்றி நிறையத் திருநீறோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஹேண்டில்பாரில் மாலை போட்டு, விளக்குக்குச் சந்தனம் வைத்து, பூஜைக்கு எல்லாம் தயார். நாங்கள் வாங்குவோமா என்று தெரிவதற்கு முன்பே எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. காகிதம் மாறியதா, பணம் கை மாறியதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். பழம் நசுங்கிய பிறகு எனக்கு இந்த வண்டி வேண்டாம் என்று சொன்னால், வீட்டுக்கு வந்த மருமகளைத் திருப்பி அனுப்பியதாகப் பேசுவார்கள். அந்த ஆளுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

“ஆர்.சி. புக்கு?” என்று கேட்டேன்.

ஜெராக்ஸை நீட்டினார். “ஒரிஜினல் வீட்ல இருக்கு தங்கச்சி. திங்கக்கிழமை நானே கொண்டாந்து தாரேன். ஒம்பதுக்கு ராகுகாலம் பிறந்துரும். மொதல்ல பழத்து மேல வண்டிய ஏத்துங்க.”

என் வீட்டுக்காரர் அதற்குள் இரண்டு சக்கரத்துக்கும் அடியில் பழத்தை வைத்து, சூடமும் ஏற்றிவிட்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

கம்பெனி லாரிக்குக் கடன் புதுப்பிக்கும்போதெல்லாம், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பொறித்திருக்கும் நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து வருவார்கள். ஆர்.சி. புக்கில் உள்ள நம்பரோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஃபைலில் ஒட்டுவது என் வேலை. அந்த நினைப்பில்தான் கைப்பையில் பென்சிலும் காகிதமும் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கோயில் வாசலில், அத்தனை பேர் பார்க்க, முந்தானையைச் செருகிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டேன். நம்பர் இருந்த இடத்தில் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். விளக்குக்குச் சந்தனம் வைப்பார்கள், சக்கரத்துக்கும் வைப்பார்கள். சேஸிஸ் நம்பருக்குச் சந்தனம் வைத்து நான் பார்த்ததில்லை. துடைத்துவிட்டுத் தேய்த்தேன். முன்பாதி நம்பர் தெளிவாக விழுந்தது. பின்பாதியில் அரம் போட்டு ராவிய கோடுகள்தான் விழுந்தன.

“இதென்னங்க இப்படி இருக்கு?”

“மழைத்தண்ணியில துருப்பிடிச்சிருக்கும்” என்றார் அவர். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

“சரி. திங்கக்கிழமை தேனி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரிஜினல எடுத்துட்டு வாங்க. அங்கன வச்சுப் பாத்துட்டு, அங்கனயே பணத்தத் தாரேன்.”

சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. எங்கேயும் போய் எதையும் சரிபார்க்க முடியாத நாளாகப் பார்த்துத்தான் அவர் எங்களைச் சாமியிடம் வரச் சொல்லியிருக்கிறார்.

அவர் குரலை உயர்த்தினார். “சாமி வாசல்ல வச்சு இம்புட்டுச் சந்தேகமா? பழத்த வச்சு, சூடமும் ஏத்தியாச்சு. இனிமே மாத்திப் பேசினா ஆகுமா?”

கூட்டம் கூடிவிட்டது. விளக்கு விற்கிற அம்மா, “ஏத்தா, நல்ல காரியத்துல இப்படி மொரண்டு பிடிக்கலாமா? ஏத்துத்தா” என்றார். யாரோ பின்னாலிருந்து, ஆம்பளை சும்மா நிற்கிறார், பொம்பளை பேசுகிறாள் என்றார்கள். என் வீட்டுக்காரர் என் காதருகில், “எல்லாரும் பாக்குறாக புள்ள, மானம் போகுது” என்றார். ஒண்ணாந்தேதி கண்முன் நின்றது. இந்த வண்டியை விட்டால் வேறு வண்டி எங்கே, எப்போது கிடைக்கும்? ஏற்றிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குனிந்து சக்கரத்தடியிலிருந்து இரண்டு பழத்தையும் எடுத்துக் கைப்பையில் போட்டேன்.

“சாமி மேல எனக்குச் சந்தேகமே கெடையாது. வண்டி மேலதான். திங்கக்கிழமை வாங்க, இதே பழத்தக் கொண்டாறேன்.”

திரும்பும்போது பஸ்ஸில் இவர் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றேன். அந்த ஆள் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போனால், அதே நீல வண்டி, அதே படம், வேறொரு போன் நம்பரோடு திண்டுக்கல் என்று போட்டிருந்தது. இவரைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்துக் காட்டினேன். படம் இறங்கி முடியும்வரை பார்த்தார். “மாலைக்கும் பூவுக்கும் அவன்தான புள்ள காசு குடுத்தான்” என்றார் பரிதாபமாக. அன்றைக்குத்தான் மறுபடி சேர்ந்து சிரித்தோம். புகார் செய்கிற பொத்தான் ஒன்று ஓரமாக இருந்தது. மவுஸை அவர் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன்.

சிரித்தால் எட்டு மணிக்குப் போய்ச் சேர முடியுமா? தேடிக்கொண்டே இருந்தேன். ஆண்டிபட்டியிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. படமே மங்கல். வண்டியின் இடது பக்கம் கீறியிருப்பதை அருகில் போய்த் தனியாக ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். போன் போட்டால் எடுத்தவர் ஒரு நர்ஸ். சென்னைக்கு மாற்றலாகிப் போகிறாராம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எந்த ஊர், யார் ஓட்டப்போகிறார்கள், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கிறதா?

“ஆர்.டி.ஓ. ஆபீசுலதான் வண்டியத் தருவேன். பேர் மாத்துற ஃபாரத்துல நீங்க கையெழுத்துப் போடாம சாவி கைக்கு வராது. எம் பேருல வண்டி இருக்க, நீங்க யார் மேலயாச்சும் ஏத்திட்டீகன்னா நான்ல ஸ்டேசனுக்கு அலையணும்?”

எனக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது.

வாரநாள் ஒன்றில் தேனியில் சந்தித்தோம். நான் மண்டியிட்டுப் பென்சிலைத் தேய்க்க, அவர் என் ரேஷன் கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் ஒரிஜினல் ஆர்.சி. புக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்ட, அவர் ரூபாய் நோட்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். இன்சூரன்ஸ் என்றைக்கு முடிகிறது என்று கேட்டேன். லைசென்ஸைக் காட்டு என்றார். என் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. “ரெண்டு போலீஸ்காரக சம்பந்தம் பேசுற மாதிரில இருக்கு” என்றார். நம்பர் ஒத்துப்போனது, கடைசி எழுத்துவரை. ஃபாரத்தை உள்ளே கொடுத்து, ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்த அக்கா முதல்முறையாகச் சிரித்தார். “நல்லா வச்சுக்க ஆத்தா. காலையில சோக் லீவர இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு” என்று சொல்லிவிட்டு வண்டியை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

ஒண்ணாந்தேதி காலையில் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இவர் புது எலுமிச்சம்பழத்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். குச்சனூர்ப் பழம் காய்ந்து போயிருந்தது.

“இப்ப வைக்கலாமாம்மா?” என்று கேட்டார்.

“ரசீது கையில இருக்கு. வைங்க.”

பழம் நசுங்குகிற சத்தம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஓடுகிற ரோட்டில், குளிர் காற்று முகத்தில் அடிக்க, யாருக்கும் வழி விடாமல் ஓட்டினேன். நான் வழக்கமாக ஏறுகிற பஸ் அப்போது சின்னமனூரிலேயே நின்றிருக்கும்.

கம்பெனி கேட் பூட்டிக் கிடந்தது. மேனேஜரின் வண்டி நிற்கிற இடம் காலியாக இருந்தது. உள்ளே வாட்ச்மேன் துண்டைப் போர்த்திக்கொண்டு டீ ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, இன்னும் எட்டாகவில்லை என்று கையைக் காட்டினார்.

நான் ஹாரனை அழுத்தினேன். அவர் எழுந்து வந்து பூட்டைத் திறக்கும்வரை விரலை எடுக்கவில்லை.