தொட்டியில் கரைத்த அரக்குச் சாயம்

அறுபதுகளின் பிற்பகுதியில், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில், கூரை மழைநீரைத் தேக்கிக் கொல்லையில் காய்கறி விளைவித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை இன்று வேறு சிலர் தமதாகச் சொல்லிவருவதாகக் கேள்விப்படுகிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பதே முறை.

அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்துவந்தேன். நெசவுக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பியவன். குடும்பத் தொழிலை என் அண்ணன் ஏற்றிருந்தார். தறிக்கூடம் அவருடையது, அதன் பின்னாலிருந்த கொல்லை இருவருக்கும் பொது. கொல்லைக் கிணற்றில் உப்பு நீர். அதைப் பாய்ச்சினால் கத்தரி இலைகள் ஓரம் கருகும். அவரை பூக்கும், காய்க்காது. அதே கொல்லையில் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் ஓட்டுக் கூரையிலிருந்து நல்ல நீர் கொட்டி வீணாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் படிப்பு இடம் தரவில்லை.

ஆடி மாதத்தில் திட்டம் வரைந்தேன். கூரையின் பின் விளிம்பு நெடுகத் தகரப் பீலி. அது கொண்டுவரும் நீரைத் தாங்க, தறிக்கூடத்துச் சுவரை ஒட்டிச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மார்பளவு உயரத்தில் ஒரு தொட்டி. தொட்டியின் அடியில் மரத்தக்கை அடைத்த வாய். அங்கிருந்து பாத்திகளுக்கு, கணுக்களை உடைத்து ஒன்றோடொன்று செருகிய மூங்கில் குழாய்கள். செடிக்கு ஒரு துளை வீதம் ஆணியைக் காய்ச்சிக் குத்தினேன். நாற்றுகளுக்கு நாற்புறமும் கீற்று கட்டிய தாழ்வான கொட்டகை ஒன்றும் போட்டேன்.

தொட்டி நின்ற இடம்தான் அண்ணனை உறுத்தியது. தறியில் அமர்பவர் காலை இறக்கி மிதி மிதிக்கும் பள்ளத்தைத் தறிக்குழி என்போம். மழைக்காலத்தில் அதில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும்; குளிர்ச்சி ஏறினால் தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டுப் பாவு தொய்ந்து கெடும். அந்த ஆண்டு அவர் தறியில் ஏறியிருந்தது பட்டுக்கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கான அரக்குக் கூறைப்புடவை.

"சொவுத்த ஒட்டி கொளம் கட்டிக்கினு இருக்கற," என்றார் அண்ணன். "என் குழியில ஒரு சொட்டு தண்ணி வந்துச்சுன்னா நானே மண்ணு போட்டு மூடிடுவேன். அப்பறம் இன்னா ஏதுன்னு கேக்கக்கூடாது."

"வராதுண்ணா. நான் பொறுப்பு," என்றேன்.

இதைத் தெருவில் நாலு பேர் முன்னிலையில் சொன்னேன். அவர்களில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர், அவரும் நெசவாளர்தான்.

"இனிமே பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்துக்குப் போவ வேணாம்பா. வாத்தியார் ஊட்லயே பெருகிடும்," என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. தொட்டி விளிம்பு வரை நிறைந்தது. மூன்றாம் நாள் காலை தறியில் உட்காரப் போன அண்ணன், உட்காராமலே வெளியே வந்தார். அவர் வேட்டியின் கரை நனைந்திருந்தது.

"கார்த்திக பாதியில ஊறுற தண்ணி, ஐப்பசியிலயே கணுக்கால் மட்டும் நிக்குது," என்று மட்டும் சொன்னார். பிறகு மண்வெட்டியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார்.

தொட்டி தூர்ந்தால் என் சொல்லும் அதனோடு தூர்ந்துவிடும்; அதன்பின் அந்தத் தெருவில் நான் எதைப் பற்றியும் வாய் திறக்க முடியாது. ஆனால் தொட்டி கசியவில்லை என்று என் படிப்பைக் காட்டி வாதிட்டால் அண்ணன் ஏற்கமாட்டார். அவருக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டே மெய்ப்பிக்க வேண்டும்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்கண்ணா," என்றேன். "தொட்டித் தண்ணியில சாயம் கரைக்கிறேன். அந்தத் தண்ணிதான் குழிக்கு வருதுன்னா சாயமும் வரும். வந்தா நீங்க கூப்பிட வேணாம், நானே மண்ணு கொட்டுறேன்."

அண்ணன் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். தெருக்கோடிச் சாயக்கொட்டகையிலிருந்து அரக்குச் சாயப்பொடி வாங்கிவந்தேன். தறிக்குழியை இறைத்துத் துடைத்தோம். அதற்குள் கொல்லையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏன் தம்பி, அந்தத் தண்ணியவா செடிக்கு வுடப் போறீங்க?" என்று கேட்டார் அண்ணி. "கத்திரிக்கா அரக்கு கலர்ல காய்ச்சா நான் எப்படிக் கொழம்பு வெக்கிறது?"

"கொஞ்சம் ஜரிகையும் போடு வாத்தியாரே," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பார்டர் வச்சே காய்க்கட்டும்."

பொடியைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். தேங்கியிருந்த நீர் முழுவதும் சிவந்தது.

பிற்பகலில் குழியில் மறுபடியும் நீர் கசிந்து நின்றது. அண்ணன் குனிந்து தம் வேட்டி முனையை அதில் தோய்த்துப் பிழிந்தார். நாற்பது ஆண்டுகள் சாயத்தோடு பழகிய கண். வெளிச்சத்தில் பிடித்து இருபுறமும் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"தொட்டி இல்ல," என்றார். "அப்போ எங்கேர்ந்து வர்து?"

அந்தக் கேள்விக்கும் விடை தேடிச் சுவரைச் சுற்றி நடந்தேன். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. ஆள் பக்கவாட்டில்தான் நுழையலாம். அந்தக் கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் புது ஓடு மாற்றிக் கூரையை ஒரு முழம் நீட்டியிருந்தார். அதிலிருந்து வழிந்த மழைநீர் முழுவதும் சந்தில் விழுந்து எங்கள் சுவரடியில் தேங்கியிருந்தது. மிச்சமிருந்த சாயத்தை அதில் கொட்டினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் குழிநீர் கல்யாணப் புடவையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அண்ணன் இம்முறை பக்கத்து வீட்டுக்காரரின் வேட்டி முனையையே பிடித்துத் தோய்த்துக் காட்டினார். "இன்னாபா, இப்போ பார்டர் நல்லா வந்துகீதா?"

"எனக்கு இன்னா தெரியும்? கொத்தனார் நீட்டி வுட்டுட்டான்," என்றார் அவர், வேட்டியை இழுத்துக்கொண்டே.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. வெற்றி பெற்றவன் பேச வேண்டிய அவசியம் இல்லை. அவர் கூரை விளிம்பிலும் ஒரு பீலி பொருத்த அனுமதி மட்டும் கேட்டேன். தலையாட்டினார். மறுநாளே பீலியை மாட்டி, அந்த நீரையும் எங்கள் தொட்டிக்கே திருப்பி, சந்தில் களிமண் இட்டுக் கெட்டித்தேன். அடுத்த மழைகளில் தொட்டி நிரம்பி, சுவருக்கு எதிர்ப்புறமாக வழிந்து வழிந்து சாயமும் கழுவிப் போயிற்று.

கார்த்திகையில் மழை வலுத்தது. தெருவில் பல தறிகள் நின்றன. எங்கள் வீட்டுத் தறியின் சத்தம் மட்டும் காலையிலிருந்து கேட்டது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் குழியிலிருந்து காலைத் தூக்கி உலர்ந்த உள்ளங்காலைக் காட்டினார். கூறைப்புடவை குறித்த நாளுக்கு முன்பே தறியிலிருந்து இறங்கியது.

பங்குனி உத்திரத்துக்குத் திருப்புட்குழியிலிருந்து அண்ணியின் பிறந்த வீட்டார் வந்தார்கள். நிலம் நீச்சு உள்ளவர்கள். ஊர்க் கொல்லைகளெல்லாம் வறண்டு கிடந்த நாளில் எங்கள் வீட்டு இலையில் கத்தரி, புடலை, அவரை, வெண்டை என நான்கும் விழுந்தன. ஒன்றும் கடையில் வாங்கியதல்ல. தொட்டியில் அப்போதும் முழங்கால் அளவு நீர் இருந்தது. விருந்தினர் சாப்பிட்ட கையோடு கொல்லைக்குப் போய் மூங்கில் துளைகளைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அண்ணனே விளக்கம் சொன்னார். இரண்டு இடங்களில் தவறாகச் சொன்னார். நான் திருத்தவில்லை.

சித்திரையில் ஒரு காலை, கொத்தனார் வந்து நின்றார். ஓடு மாற்ற அண்ணன் அழைத்திருப்பார் என்று நினைத்தேன். அண்ணன் அவரை வாசல் பக்கம் அழைத்துப்போய்க் கூரையைக் காட்டினார்.

"முன்பக்கத் தண்ணி மொத்தமும் தெருவுல ஓடுது. அதுக்கும் ஒரு தொட்டி கட்டணும்."

"சொவுத்த ஒட்டியா? தறிக்குழிக்கு ஆகாதே," என்றார் கொத்தனார்.

"ஒட்டியே கட்டு, ஒண்ணும் ஆவாது. அளவு இன்னான்னு தம்பியக் கேட்டுக்க."

உள்ளே சென்று அளவு நாடாவை எடுத்துவந்தேன். முதல் தொட்டியைவிட ஒரு முழம் கூட்டியே சொன்னேன். அண்ணன் தலையசைத்தார்.